பழைய டீசல் காரில் சொந்தமாகக் கை வைக்க எது தோது? ஸ்விஃப்ட், இன்னோவா, டஸ்டர்

பழைய டீசல் கார் வாங்க யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் மைலேஜையும் மறுவிற்பனை விலையையும்தான் விசாரிக்கிறார்கள். சாவியை ஷெட்டில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஸ்பேனர் பிடிக்க நினைப்பவருக்குக் கேள்விகளே வேறு. கை உள்ளே போகுமா? பாகம் உள்ளூரில் கிடைக்குமா? தப்பாகப் பூட்டினால் எஞ்சின் பொறுத்துக்கொள்ளுமா, அல்லது ஹெட்டை (வால்வுகள் உட்கார்ந்திருக்கும் எஞ்சினின் மேல்பாகம்) கழற்ற வைக்குமா?

இந்தக் கேள்விகளை வைத்து மூன்று வண்டிகளைப் பார்ப்போம். முதலாவது மாருதி ஸ்விஃப்ட் டீசல். 2007-ல் வந்தது. 1,248 சிசி ஃபியட் மல்டிஜெட் எஞ்சின். இரண்டாவது டொயோட்டா இன்னோவா. 2005-லிருந்து அடுத்த தலைமுறையான கிரிஸ்டா வரும்வரை ஓடிய 2,494 சிசி டி-4டி. மூன்றாவது ரெனோ டஸ்டர். 2012-ல் ஒரகடம் ஆலையில் இருந்து இறங்கியது. 1,461 சிசி கே9கே எஞ்சின். மூன்றிலும் பிஎஸ்-4 (புகை மாசு வரம்பு) வரையான வண்டிகளை மட்டும் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டியும் சேர்ந்துவிட்டது, அது தனிக் கதை. என் வீட்டில் ஓடுவது ஸ்விஃப்ட். கொஞ்சம் ஓரவஞ்சனை தெரிந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆயில் மாற்றுவது

முதலில் அடியில் புக வேண்டும். தரை இடைவெளி ஸ்விஃப்டில் 170 மிமீ, இன்னோவாவில் 176, டஸ்டரில் 205. எண்ணில் டஸ்டர்தான் மேல். ஒல்லியான ஆள் ஜாக்கி இல்லாமலே டிரெயின் போல்ட்டை எட்டிவிடுவார். ஸ்விஃப்டைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கினால் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத்தான் கீழே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை வைப்பவர்களிடம் மேற்கொண்டு பேச எனக்கு எதுவும் இல்லை.

ஆயில் அளவில் மூன்றும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். ஸ்விஃப்டுக்கு 3 லிட்டரைச் சற்றே தாண்டும். டஸ்டருக்கு நாலரை லிட்டர் போல. இன்னோவா கிட்டத்தட்ட 7 லிட்டர் குடிக்கும். செலவுக் கணக்கில் ஸ்விஃப்ட் ஜெயித்த மாதிரி தெரியும். ஆனால் அந்த 3 லிட்டர்தான் அதன் பலவீனமும். டர்போவுக்கும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கும் ஆயில் பிரஷர் இதிலிருந்துதான் போகிறது. அரை லிட்டர் குறைந்தால் இன்னோவா கண்டுகொள்ளாது, ஸ்விஃப்ட் கண்டுகொள்ளும். அதனால் ஸ்விஃப்ட் வைத்திருப்பவர் மாதம் ஒருமுறையாவது டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். கம்பெனி 10,000 கி.மீ. என்றாலும், வயதான எஞ்சினுக்கு 7,500-லேயே மாற்றிவிடுவது என் வழக்கம்.

ஸ்விஃப்டில் ஆயில் ஃபில்டர் காகித எலிமென்ட் வகை. மூடியைத் திறந்து எலிமென்ட்டை மாற்றும்போது மூடியின் ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும். பெட்டிக்குள் புது ரிங் இருக்கும். பழையது நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் அடுத்த வாரம் தரையில் கறுப்பு வட்டம் விழும்.

டீசல் ஃபில்டரும் தண்ணீரும்

இந்த வேலையில் இன்னோவா தங்கம். ஃபில்டரின் தலையிலேயே கைப்பம்ப் இருக்கிறது, அடியில் தண்ணீர் வடிக்கும் குமிழ். ஒரு கண்ணாடி பாட்டிலைக் கீழே பிடித்துக் குமிழைத் தளர்த்தி, மேலே பம்பை அமுக்கினால் டீசல் வரும். பாட்டிலை அப்படியே பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் ஏதாவது சின்ன பங்கில் போட்ட டீசல் என்றால் அடியில் நிறமற்ற ஒரு பரப்பு தனியாகப் பிரிந்து நிற்கும், பாட்டிலைச் சாய்த்தால் அது மட்டும் குண்டாக உருளும். அதுதான் இன்ஜெக்டரைத் தின்னும் தண்ணீர். சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுக் குமிழை மூடி, பம்ப் கெட்டியாகும்வரை அமுக்கினால் வேலை முடிந்தது.

டஸ்டரில் எரிபொருள் குழாயிலேயே ரப்பர் குமிழ் ஒன்று உண்டு. அதை அமுக்கி ஏர் எடுக்கலாம். அந்த ரப்பர் வயதாகி வெடிப்பு விட்டால் காற்று உள்ளே இழுக்கும், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அழவைக்கும். விலை அதிகமில்லாத பாகம். பழைய டஸ்டர் வாங்கினால் கேள்வி கேட்காமல் மாற்றிவிடலாம். ஸ்விஃப்ட் இந்த விஷயத்தில் நடுத்தரம்.

டைமிங்: இங்கேதான் வண்டிகள் பிரிகின்றன

கிராங்கின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேமுக்குக் கொண்டுபோவது ஸ்விஃப்டில் செயின். இன்னோவாவிலும் டஸ்டரிலும் பெல்ட். செயின் என்றால் கவலை இல்லை, பெல்ட் என்றால் தொல்லை என்பது டீக்கடைப் பேச்சு. வீட்டில் வேலை செய்கிறவருக்கு நிலைமை ஏறக்குறைய நேர்மாறு.

இன்னோவாவில் பம்ப் முதலியவற்றைப் பல்சக்கரங்கள் ஓட்டுகின்றன, பெல்ட் கேமுக்கு மட்டும்தான். எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருப்பதால் பானட்டைத் திறந்தால் பெல்ட்டின் கவர் நேராக முகத்தைப் பார்க்கும். கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டியதில்லை. வாட்டர் பம்ப் வெளி பெல்ட்டில் ஓடுவதால் அதையும் தொட வேண்டாம். மேல் கவரின் போல்ட்டுகளை எடுத்து, குறிகளை நேருக்கு நேர் நிறுத்தி, ஹைட்ராலிக் டென்ஷனரின் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றித் தளர்த்தினால் பெல்ட் கையோடு வந்துவிடும். டென்ஷனரின் தண்டை வைஸில் வைத்து மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் உள் சீல் போய்விடும். துளைகள் நேரானதும் ஒரு மெல்லிய ஆலன் கீயைக் குறுக்கே செருகிப் பூட்டிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். புது பெல்ட் ஏறியதும் ஆலன் கீயை உருவினால் தண்டு வெளியே வந்து பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும். அப்புறம் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பது. இந்தக் கடைசி வேலையை விட்டவர்தான் பிறகு ஹெட்டைக் கழற்றுகிறார். நம் ஊரில் 1 லட்சம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கே எரிந்து கூப்பிடும். பழைய வண்டி வாங்கும்போது அந்த விளக்கு அணைந்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பெல்ட்டைத் தொடாமலே அதை அணைக்கலாம்.

டஸ்டரில் அதே பெல்ட் வேலை வேறு ரகம். எஞ்சின் குறுக்குவாக்கில் இருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து மவுண்டைக் கழற்ற வேண்டும், சக்கரத்தைக் கழற்றிப் பக்கவாட்டிலிருந்து கை விட வேண்டும். கிராங்கை நிறுத்த ஒரு பின், கேமைப் பூட்ட ஒரு பின் தேவை. வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் ஓட்டுகிறது. பெல்ட்டை மட்டும் மாற்றி பம்பை விட்டால், பம்ப் ஒழுகும் நாளில் முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும். செய்ய முடியாத வேலை என்று சொல்லமாட்டேன். முதல் முயற்சிக்கு ஏற்ற வேலை இல்லை.

ஸ்விஃப்டின் செயினுக்குக் கால அட்டவணை கிடையாது. ஆயிலை ஒழுங்காக மாற்றினால் நெடுநாள் வரும், மாற்றாவிட்டால் நீளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி கலகலவென்று சத்தம் வந்து அடங்கினால் அது செயின் தரும் முன்னறிவிப்பு. அதற்கு மேல் ஓட்டினால் பல் தாவி ராக்கர் ஆர்ம் உடையும். மாற்றுவதென்றால் மவுண்ட், புல்லி, முன் கவர், ஆயில் சேம்பர் எல்லாம் இறங்க வேண்டும், பூட்டுக் கருவிகளும் வேண்டும். இந்த எஞ்சினில் வீட்டில் செய்யவே கூடாத வேலை என்று நான் ஒதுக்குவது இது ஒன்றைத்தான். தெரிந்த ஷெட்டில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள், தப்பில்லை.

இன்ஜெக்டர், பம்ப்

மைக்கோ பம்ப் காலத்து டீசலில், அதாவது பழைய அம்பாசடரிலும் முதல் இண்டிகாவிலும், எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க எஞ்சின் ஓடும்போதே நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். வயதான மெக்கானிக்குகள் சிலர் இன்றும் அந்தப் பழக்கத்தோடு காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் அமைப்பு) வண்டிக்கு ஸ்பேனரை நீட்டுகிறார்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது. டயரில் இருக்கும் காற்று 2 பார் சொச்சம், ரெயிலில் இருக்கும் டீசல் 1,000 பாருக்கு மேலும் ஏறும். ஊசிமுனை ஒழுக்கு தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும், விரலையே எடுக்க நேரலாம். எஞ்சினை அணைத்து, பிரஷர் இறங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் கை வைக்க வேண்டும். மூன்று வண்டிகளுக்கும் இதுதான் விதி.

இன்ஜெக்டர் தேய்ந்ததா என்று வீட்டிலேயே பார்க்க ஸ்விஃப்டில் சுலபமான வழி உண்டு. இன்ஜெக்டர்களின் தலையிலிருந்து ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, தனித்தனிக் குழாயில் நான்கு மருந்து பாட்டில்களுக்குள் விட்டு, எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். மூன்று பாட்டில் ஒரே அளவிலும் ஒன்று மட்டும் இரு மடங்காகவும் நிரம்பினால் ஆள் அகப்பட்டுவிட்டான். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக இழுக்கிறது என்ற புகாருக்கு இது நல்ல சோதனை. கழற்றிய இன்ஜெக்டரை பம்ப் சர்வீஸ் கடையில் கொடுக்கலாம். ஃபியட் எஞ்சினில் இருப்பது பாஷ் அமைப்பு. அதற்கு டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடை ஓரளவு பெரிய ஊர்களில் எல்லாம் உண்டு. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் அச்சிட்ட குறியீட்டை ஸ்கேனரால் வண்டியின் கணினிக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கழற்றும்போதே எது எந்த சிலிண்டர் என்று எழுதி வைப்பது நல்லது.

இன்னோவாவில் சிக்கல் வேறு. இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர் தளர்ந்தால், எரிந்த வாயு வால்வு கவருக்குள் புகுந்து ஆயிலோடு சேரும். ஆயில் தாராகக் கெட்டிப்படும், சேம்பரில் இருக்கும் சல்லடை அடைபடும், ஆயில் பிரஷர் இறங்கும். வெளியே எதுவும் தெரியாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். கறுப்பு ஆயில் இயல்பு, விரலில் ஒட்டும் கரிக்கட்டி இயல்பில்லை. இதைப் பார்க்காமல் இன்னோவாவுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மற்றபடி ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்கினால் பெரும்பாலும் பம்பில் இருக்கும் சக்ஷன் கண்ட்ரோல் வால்வு. இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும் அதைத் தானே மாற்றிவிடலாம்.

டஸ்டரின் கே9கே குடும்பத்தில் பழைய லோகன் காலத்து டெல்ஃபி பம்புக்குக் கெட்ட பெயர் உண்டு. பம்ப் தேய்ந்து உலோகப் பொடி விட ஆரம்பித்தால் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஃபில்டர் மாற்றும்போது பழையதில் இருக்கும் டீசலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் அந்த வண்டியைத் தள்ளிவிடலாம்.

குளோ பிளக், இஜிஆர்

சென்னை, மதுரை வெயிலில், குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் செத்திருந்தாலும் காமன் ரெயில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். ஊட்டிக்குப் போன மறுநாள் காலையில்தான் குட்டு வெளிப்படும். கழற்றும்போது எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டிருக்க வேண்டும். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். ஹெட்டுக்குள் உடைந்த பிளக்கை எடுக்கும் கூலி புது பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வில் கரி எடுப்பது மூன்றிலும் கைக்கு அடங்கும் வேலைதான். புது கேஸ்கட் மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாகங்கள்

இதில் போட்டியே இல்லை. அந்த 1.3 மல்டிஜெட் எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, பிரெஸ்ஸாவோடு நிற்கவில்லை. டாடா விஸ்டா, மான்ஸா, ஃபியட் புன்ட்டோ, லீனியா எல்லாவற்றிலும் ஓடியது. சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் ஃபில்டர் கிடைக்கும், மற்றவை மறுநாள் பஸ்ஸில் வந்துவிடும். இன்னோவாவுக்கும் டாக்ஸிக்காரர்கள் புண்ணியத்தில் எல்லாம் கிடைக்கும், விலைதான் ஒரு படி மேலே. டீசல் டஸ்டர் 2020-லேயே நின்றுவிட்டது. எஞ்சின் பாகங்கள் டெர்ரானோ, சன்னி, மைக்ராவோடு பொது என்பதால் தேடினால் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, விளக்கு மாதிரியானவைக்கு சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் சுற்ற வேண்டிவரும். ஓட்டுவதற்கு மூன்றில் எனக்குப் பிடித்தது டஸ்டர்தான், மோசமான சாலையில் அதன் சஸ்பென்ஷனுக்கு இணை இல்லை. என்ன செய்வது, நாம் பேசுவது ஸ்பேனரைப் பற்றி.

முதன்முதலாகக் கை பழக நினைப்பவருக்கு ஸ்விஃப்ட். செயின் சத்தம் இல்லாத வண்டியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பணம் தோதுப்பட்டு, வீட்டு முன்னால் இடமும் இருந்தால் இன்னோவா இன்னும் நல்ல ஆசிரியர். எஞ்சினைச் சுற்றி அவ்வளவு இடம் வேறு எதிலும் இல்லை. டஸ்டர், கையில் ஸ்கேனரும் ஏற்கெனவே ஒரு பெல்ட் மாற்றிய அனுபவமும் உள்ளவருக்கு.

எதை வாங்கினாலும் பதிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 15 வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும், பசுமை வரியும் உண்டு. ஸ்கேனர் டாங்கிள் வாங்குவதாக இருந்தால் 2013 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டி நல்லது. ஸ்கேனர் வண்டியோடு பேசும் பொது முறையான ஓபிடி-2 கட்டாயமானது அப்போதுதான். அதற்கு முந்தைய இன்னோவாவில் மலிவு டாங்கிள் சில நேரம் பேசும், சில நேரம் பேசாது. வாங்குவதற்கு முன் நண்பருடையதை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள்.