வீடு தேடி வந்து நாய்க்குச் சொறி ஊசி போடுகிறவரிடம் கவனம்

விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு, "சொறி, மயிர் கொட்டுறது எல்லாத்துக்கும் ஒரே ஊசி" என்று ஒருவர் வளவு வளவாகத் திரிகிறார். எங்கள் நாய் அவருடைய ஊசியால் சாகக் கிடந்து இப்போதுதான் தேறி வருகிறது.

வீமன் எங்கள் கச்சான் தோட்டத்துக் காவல். பன்றியோ குரங்கோ வேலிக்குள் கால் வைக்க விடமாட்டான். சோளகம் வீசத் தொடங்கியதும் அவனுடைய தோல் காய்ந்து பொடுகு பொடுகாக உதிர்ந்தது. பிறகு காது விளிம்பிலும் முழங்கையிலும் வயிற்றடியிலும் மயிர் கழன்றது. இராத்திரி முழுக்கச் சொறிகிற சத்தம்தான். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த ஆள் வந்தார். அரசாங்க மிருக வைத்தியரோடு கன காலம் வேலை செய்தவராம். "அண்ணை, ஒரு ஊசியோட நிண்டுடும், பயப்படாதேங்கோ" என்றார். நாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சின்னப் போத்தலில் லேபிள் சுரண்டப்பட்டு, பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பால் போல வெள்ளை மருந்து. குலுக்கி, ஏற்றி, பிடரியில் குத்தினார். மூலிகை எண்ணெய் என்று சோடாப் போத்தலில் கறுப்பாக ஒன்றும் தந்தார். மூடியைத் திறந்தால் கராஜ் மணம். எல்லாம் சேர்த்து 4000 ரூபா. பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு அடுத்த முறை தருகிறேன் என்றார்.

அடுத்த நாளே சொறிச்சல் நின்றது. வீமன் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினான். அக்கம்பக்கத்துச் சனமும் அதைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டது. அப்புறம்தான் வேறு குணங்கள் தெரிந்தன. சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தான், விறாந்தையிலேயே சலம் விட்டான், எவ்வளவு போட்டாலும் இன்னும் சாப்பாடு கேட்டான். கொஞ்ச நாளில் சொறிச்சல் கடி முன்னையதைவிட மோசமாகத் திரும்பியது. ஆள் மறுபடியும் வந்தார், அதே ஊசி, அதே காசு. அதற்குப் பிறகு தோல் தடித்து, வெடித்து, சீழ் வைத்தது. அவனோடு விளையாடுகிற சின்ன மகளுக்கும் கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் பொங்கி ஒரே சொறிச்சல் கடி.

கிளிநொச்சியில் பதிவு பெற்ற மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் செய்தது ஒரே ஒரு வேலை. வீமனின் காது நுனியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தேய்த்தார். உடனே அவனுடைய பின்னங்கால் தன்பாட்டில் காற்றில் சொறியத் தொடங்கியது. தோலுக்குள் இருந்துகொண்டு சொறியை உண்டாக்குகிற மிகச் சிறிய உயிரான சொறிச் சிற்றுண்ணிக்கு இது நல்ல அறிகுறியாம். பிறகு சுரண்டுகிற பிளேட் அலகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காது விளிம்பைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக, குட்டைக் கால்களோடு ஒன்று அசைந்தது. சுரண்டிப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் அகப்படும் என்றில்லை, அகப்படாவிட்டாலும் குணத்தைப் பார்த்து மருந்து தொடங்குவதுண்டு என்றார். மகளுடைய கடியும் இதனால்தான், இந்த உண்ணி மனிதத் தோலில் பெருகாது, நாய் சுகமானால் அதுவும் போய்விடும் என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது.

நடந்த குணங்களை எல்லாம் கேட்டுவிட்டு, போட்டது பெரும்பாலும் ஸ்டீரொயிட் ஊசியாகத்தான் இருக்கும் என்றார். ஸ்டீரொயிட் கெட்ட மருந்து இல்லை, ஒவ்வாமையால் வரும் கடிக்கு வைத்தியர்களும் கொடுக்கிறார்கள். ஆனால் அது கடியைத்தான் அடக்கும், உண்ணியைக் கொல்லாது. நோயோடு போராடுகிற உடம்பின் சக்தியையும் அது குறைத்துவிடும். நாய் நிம்மதியாகத் தூங்க, உண்ணி தோலுக்குள் முட்டையிட்டுப் பெருகிக்கொண்டே இருக்கும். மயிர்க்கால்களுக்குள் இருக்கிற டெமொடெக்ஸ் என்ற மற்ற வகை உண்ணியால் வந்த சொறி என்றால் இந்த ஊசி நாய்க்கு இன்னும் மோசம். ஒரே நாளில் கடி நிற்பதைக் காட்டித்தான் இந்த ஆள் உழைக்கிறார். அது திரும்பி வரும் என்று தெரிந்துதான் அடுத்த முறைக்கும் நாள் குறிக்கிறார்.

கறுப்பு எண்ணெயை மணந்து பார்த்ததும் வைத்தியர் முகத்தைச் சுளித்தார். கழிவு எஞ்சின் ஒயிலில் கந்தகம் கலந்தது போலத்தான் இருந்தது. எங்கள் ஊர்களில் குட்டை பிடித்த நாய்க்கு இதைப் பூசுவது பழைய வழக்கம், ஆனால் தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போய் உடம்பைக் கெடுக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். தேங்காயெண்ணெய் காய்ந்த தோலுக்கு இதமாக இருக்கும், உண்ணியை ஒன்றும் செய்யாது.

வீமனுக்கு நிறை பார்த்து அளவெடுத்த மருந்து, சீழுக்கு மாத்திரை, கிருமி கொல்லும் குளோரெக்சிடின் ஷாம்பூ. ஷாம்பூவைப் பூசிப் பத்து நிமிடம் விட்டுத்தான் கழுவ வேண்டும், போட்ட உடனே தண்ணீர் ஊற்றினால் பயனில்லை. அவன் படுத்த சாக்கை எரித்துவிட்டோம். வளவில் இருக்கிற மற்ற நாய்க்கும் சேர்த்து மருந்து கொடுத்தோம், ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் மற்றதிலிருந்து திரும்பி வந்துவிடும். மயிர் முளைக்க மாதக்கணக்காகும், அதற்கு யாரும் குறுக்குவழி சொன்னால் நம்பாதீர்கள். மாட்டுக்குப் போடும் ஐவமெக்டின் என்ற உண்ணி மருந்தைக் கண்ணளவில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அளவு கூடினால் நாய் நடுங்கி விழும், கொலி என்ற நாயினத்தின் கலப்பு என்றால் கொஞ்சம் ஏற்றினாலே ஆபத்து.

இந்த நாட்டில் மிருக வைத்தியம் செய்யப் பதிவு வேண்டும். 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. ஊசியோடு வருகிறவரிடம் பதிவு இலக்கம் கேளுங்கள், போத்தலில் மருந்தின் பெயரும் காலாவதித் திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படலையைத் திறக்காதீர்கள்.

ஏற்கெனவே இவரிடம் ஊசி போட்டவர்கள் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், அடுத்து என்ன மருந்து கொடுக்கலாம் என்பது அதில்தான் இருக்கிறது. மாத்திரையும் தந்திருந்தால் கையோடு கொண்டுபோங்கள். அது ஸ்டீரொயிட் என்றால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, எப்படிக் குறைப்பது என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நாங்கள் கால்நடை வைத்தியப் பணிமனையில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். உங்களிடம் அவருடைய போத்தலோ மோட்டார் சைக்கிள் இலக்கமோ இருந்தால் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் இன்னும் ஊருக்குள்தான் திரிகிறார்.