மோட்சார்ட்டின் பியானோ கன்சர்ட்டோக்கள், அவர் காலத்துக் கருவிகளில்: மூன்று தொகுப்புகள்

மோட்சார்ட்டின் பியானோ கன்சர்ட்டோக்களை (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) நவீனப் பியானோவில் மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் அவற்றை அவர் காலத்துக் கருவிகளில் கேட்க விரும்பினால், முதலில் எதிர்ப்படுபவை மூன்று தொகுப்புகள். 1980களில் மால்கம் பில்சன், ஜான் எலியட் கார்டினரின் இங்கிலிஷ் பரோக் சோலோயிஸ்ட்ஸ் குழுவுடன் பதிவு செய்தது ஒன்று. 1990களில் ராபர்ட் லெவின், கிறிஸ்டோபர் ஹாக்வுட்டின் அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக் குழுவுடன் தொடங்கியது இரண்டாவது. ரொனால்ட் பிரவுதிகாம், மைக்கேல் அலெக்சாண்டர் வில்லென்ஸ் இயக்கிய கோல்னர் அகாடமியுடன் பதிவு செய்தது மூன்றாவது. யோஸ் ஃபான் இம்மர்சேல் தானே இயக்கி வாசித்த தொகுப்பும் நல்லதுதான் என்றாலும், தொடக்கத்தில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மூவரும் பெரும்பாலும் வாசிப்பது வியன்னாவின் ஆன்டன் வால்ட்டர் செய்த பியானோவின் வழிவந்த கருவிகளையே. மோட்சார்ட் வைத்திருந்த வால்ட்டர் பியானோ இன்றும் சால்ஸ்பர்க்கில் இருக்கிறது. அதில் 61 கட்டைகள்தாம். இரும்புச் சட்டம் கிடையாது. தந்தியைத் தட்டும் சிறு சுத்திகளுக்குத் தோல் போர்த்தியிருக்கும். 88 கட்டைகளும் ஏறத்தாழ 500 கிலோ எடையும் கொண்ட இன்றைய கச்சேரிப் பியானோவோடு ஒப்பிட்டால் அதன் ஒலி சிறியது, விரைவில் அடங்கிவிடுவது. ஆனால் மந்தரம் ஒரு நிறம், மத்திமம் ஒரு நிறம், தாரம் ஒரு நிறம் என்று மூன்று குரல்கள் அதற்கு உண்டு. ஆகவே கருவியை வைத்து இந்தத் தொகுப்புகளைத் தரம் பிரிப்பது கடினம். எழுதப்பட்ட ஸ்வரங்களை எவ்வளவு தூரம் இறுதியானவையாகக் கொள்கிறார்கள் என்பதில்தான் மூவரும் பிரிகிறார்கள்.

டி மைனர் கன்சர்ட்டோவை (கே. 466; ‘கே.’ என்பது மோட்சார்ட் படைப்புப் பட்டியலின் எண்) எடுத்துக்கொள்வோம். 1785 பிப்ரவரி 11 அன்று வியன்னாவின் மேல்குரூபே அரங்கில் அது முதன்முதலாக ஒலித்தது. அன்று தாம் வந்து சேர்ந்தபோதும் பிரதியெடுப்பவர் எழுதிக்கொண்டிருந்தார் என்றும், கடைசிப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கக்கூட மகனுக்கு நேரமில்லை என்றும் தந்தை லியோபோல்ட் கடிதத்தில் குறிப்பிட்டார். இந்தப் படைப்புக்கு மோட்சார்ட் எழுதிய கடென்ஸா (ஆர்க்கெஸ்ட்ரா நின்றிருக்க, பியானோ மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி) எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் பீத்தோவன் எழுதியதையே பலரும் வாசிக்கிறார்கள்.

லெவின் இங்கே தனித்து நிற்கிறார். பதிவு செய்யும்போதே கடென்ஸாக்களை அவர் அந்தந்த நேரத்தில் கற்பனையிலிருந்து வாசிக்கிறார். கச்சேரி மேடையில் நாம் மனோதர்மம் என்று சொல்வதற்கு இது மிக நெருக்கமானது. மெதுவான பகுதிகளில் ஒரு மெட்டு திரும்பி வரும்போது அதை வந்தபடியே விட்டுவிடாமல் புதிய அலங்காரங்களைச் சேர்க்கிறார். இது விருப்பத்துக்காகச் செய்யும் சேட்டை அன்று. கே. 482இன் சில இடங்களில் மோட்சார்ட் நீண்ட ஸ்வரங்களை எலும்புக்கூடாக மட்டுமே குறித்துவைத்தார், கே. 537இல் இடக்கைப் பகுதியைப் பல இடங்களில் எழுதவே இல்லை. வாசிப்பவர் தாமே என்பதால் அவருக்கு அது தேவைப்படவில்லை. அந்த வெற்றிடங்களை மோட்சார்ட்டின் மொழியிலேயே நிரப்பத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்; அவர்களுள் லெவினை நான் முதலில் வைப்பேன். அலங்காரம் சில இடங்களில் மிகுந்துவிடுகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு, ஆனால் அச்சிட்ட தாளோடு நின்றுவிடும் வாசிப்பில் இழப்பது அதைவிட அதிகம்.

பில்சனின் தொகுப்பு முன்னோடி என்பதற்காக மட்டும் மதிக்கத்தக்கதன்று. சொற்றொடர்களை மோட்சார்ட் எங்கே சேர்த்தார், எங்கே துண்டித்தார் என்பதை அவர் அளவுக்குத் துல்லியமாகக் காட்டுபவர் அரிது. கார்டினரின் காற்றிசைக் கருவிகள், குறிப்பாகக் கே. 491இல், பியானோவோடு சமமாக உரையாடுகின்றன. ஆனால் ஆர்க்கெஸ்ட்ரா எழும்பும் இடங்களில் பியானோ பின்னுக்குத் தள்ளப்படுவது காதுக்கு உறுத்துகிறது. அந்தக் கருவியே பலவீனமானது என்ற தவறான முடிவுக்குப் புதிய கேட்பவரை அது கொண்டுசென்றுவிடக் கூடும். இன்னொரு செய்தி: பல பியானோக்களுக்கான கன்சர்ட்டோக்களில் பில்சனோடு வாசித்தவர்களுள் லெவினும் ஒருவர்.

பியானோ பின்னுக்குப் போகும் சிக்கல் பிரவுதிகாமிடம் இல்லை. பழைய பியானோக்களின் மாதிரியில் பால் மெக்னல்டி செய்த கருவியின் ஒலி அருகில், தெளிவாக, உடலோடு பதிவாகியிருக்கிறது. வேகமும் அதிகம், கே. 466இன் ரோமான்ஸ் என்னும் மெதுவான நடுப்பகுதி உருகி வழியாமல் நடைபோடுகிறது, அதன் நடுவே வரும் புயலுக்கு அதனால் வலு கூடுகிறது. கடைசிப் பகுதிகளில் இந்த வேகம் சில நேரம் மூச்சுவிட இடம் தருவதில்லை.

முதலில் கேட்பவருக்கு ஒலித்தெளிவுக்காகப் பிரவுதிகாமின் கே. 466ஐயும், உடனே அடுத்து லெவினுடையதையும் பரிந்துரைப்பேன். முழுத் தொகுப்பாக வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: லெவினின் தொடர் இடையில் நின்றுபோய், 2014இல் ஹாக்வுட் மறைந்த பிறகு வேறு இயக்குநர்களுடன் 2020களில்தான் நிறைவடைந்தது. ஆகவே அதன் தொடக்கத் தட்டுகளுக்கும் இறுதித் தட்டுகளுக்கும் இடையே பெரிய கால இடைவெளி இருக்கிறது. ஒரே குழு, ஒரே இயக்குநர், ஒரே சீரான ஒலி வேண்டுமென்பவர் பிரவுதிகாமோடு நிற்கலாம்.