தீரு, தானியேல், ரோமர்: மூன்று முன்னறிவிப்புகளும் ஒரே எடையா?

தீரு என்ற பழங்காலக் கடற்கரைப் பட்டணத்தின் கதையை நான் முதலில் கேட்டது ஞாயிறு பள்ளியில். அது அழியும் என்று வேதாகமத் தீர்க்கதரிசி எசேக்கியேல் சொன்னார், சொன்னபடி நடந்தது, ஆகவே தேவன் இருக்கிறார். பல ஆண்டுகள் அதை அப்படியே நம்பினேன். பிறகு ஒரு நாள் எசேக்கியேல் புத்தகத்தின் 29ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தபோது நெஞ்சு அதிர்ந்தது. அன்றிலிருந்து "நிறைவேறிய தீர்க்கதரிசனமே கடவுளுக்குச் சாட்சி" என்று யாராவது சொன்னால், எந்தத் தீர்க்கதரிசனம் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடை போடுவது நியாயமில்லை.

விவாதங்களில் அடிக்கடி முன்வைக்கப்படும் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். நிகழ்ச்சிக்கு முன்பே சொல்லப்பட்டதா? பொய்த்துப்போகும் அளவுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதா? நான் பார்ப்பது இவ்விரண்டையும்தான்.

காலத்தைப் பொறுத்தவரை தீருவின் நிலை உறுதியானது. எசேக்கியேல் தம் வாக்குகளுக்குத் தேதி குறித்து வைத்தவர். 26ஆம் அதிகாரம் ஏறத்தாழ கி.மு. 587-586க்கு உரியது. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் குதிரைகளோடும் இரதங்களோடும் வருவான், மதில்களை இடிப்பான்; நகரம் கொள்ளை போகும், கல்லும் மரமும் தண்ணீரில் எறியப்படும், அந்த இடம் வலை விரிக்கும் வெறும் பாறையாகும், இனி ஒருபோதும் கட்டப்படாது. இவ்வளவு தெளிவாகப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும்; அதை நான் மதிக்கிறேன். முற்றுகை 13 ஆண்டுகள் நீடித்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். ஆனால் கரைக்கு எதிரே தீவில் இருந்த தீரு நகரம் இடிந்து விழவில்லை. கி.மு. 571ஐச் சேர்ந்த 29ஆம் அதிகார வாக்கில் எசேக்கியேலே சொல்கிறார்: தீருவுக்கு எதிராகப் பாடுபட்டு எல்லாத் தலையும் மொட்டையானது, எல்லாத் தோளும் தோலுரிந்தது, ஆனாலும் அரசனுக்கோ படைக்கோ கூலி கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக எகிப்து தரப்படும்.

இதற்கு விசுவாசிகள் தரும் பதில் அலெக்சாந்தர். கி.மு. 332இல் அவர் கரையிலிருந்த பழைய நகரின் இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை அமைத்து, ஏழு மாத முற்றுகைக்குப் பின் தீவைப் பிடித்தார். கல்லும் மரமும் தண்ணீரில் விழுந்தது உண்மை. "பல ஜாதிகள்", அதாவது பல தேசத்தார், வரும் என்று 26ஆம் அதிகாரம் சொல்வதும் உண்மை. இந்தப் பதிலை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் "ஒருபோதும் கட்டப்படாது" என்ற சொல் அங்கேயே நிற்கிறது. பவுல் தீருவில் ஏழு நாள் தங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. லெபனானில் இன்றும் அந்த ஊர் சூர் என்ற பெயரில் மக்களோடு இருக்கிறது. வலை உலரும் பாறை எந்தக் கடற்கரையில்தான் இல்லை?

பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் வாழ்ந்தவராகச் சொல்லப்படும் தானியேலின் நிலை நேர் எதிரானது; அங்கே காலமே கேள்விக்குரியது. துல்லியத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. 11ஆம் அதிகாரத்தில் வடதேசத்து அரசனும் தென்தேசத்து அரசனும் மோதுவதைப் படித்தால், அலெக்சாந்தருக்குப் பின் சிரியாவை ஆண்ட செலூக்கியர், எகிப்தை ஆண்ட தாலமியர் ஆகியோரின் வரலாற்றைப் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டுப் படிப்பதுபோல் இருக்கும். செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கு கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியது வரை எல்லாம் பொருந்துகிறது. அதன் பிறகு பொருந்தவில்லை. அரசன் எகிப்தை வென்று, கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரம் போட்டு முடிவடைவான் என்கிறது புத்தகம்; அந்தியோக்கு கி.மு. 164இல் பாரசீகப் பக்கம் இறந்தார். கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை எதிர்த்த தத்துவஞானி போர்பிரி இதைப் பிடித்துக்கொண்டார்: இது அந்தியோக்கு காலத்தில் எழுதி முன்தேதியிடப்பட்ட நூல் என்றார். வேத அறிஞர் ஜெரோம் பின்னர் அளித்த பதில் எனக்குப் பிடிக்கும். தீர்க்கதரிசியின் சொல் அவ்வளவு சரியாக இருப்பதால்தான் நம்பாதவர்களுக்கு அது நடந்து முடிந்த கதையாகத் தெரிகிறது என்றார் அவர். கடைசி வசனங்கள் இனி வரவிருக்கும் அந்திக்கிறிஸ்துவைக் குறிப்பவை என்றும் விளக்கினார். பதில் அழகானதுதான். ஆனாலும், சரியாகப் போய்க்கொண்டிருந்த கணக்கு எழுதியவரின் காலம் வந்ததும் தவறத் தொடங்குகிறது என்றால், போர்பிரியின் விளக்கமே எனக்கு இயல்பாகப் படுகிறது.

மூன்றாவது, குர்ஆனின் 30ஆம் அத்தியாயமான அர்-ரூம். ரோமர் தோற்றார்கள், சில ஆண்டுகளுக்குள் வெல்வார்கள் என்கிறது அது. பாரசீகர் கி.பி. 614இல் ரோமரிடமிருந்து எருசலேமைப் பிடித்தார்கள், பிறகு எகிப்தையும் பிடித்தார்கள். அந்த இருட்டில் ரோமர் எழுவார்கள் என்று சொல்வது சாதாரணமல்ல. ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் 622இல் படையெடுத்து, 627 டிசம்பரில் நினிவேக்கு அருகே வென்றார். மூன்றில் கனமானது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். இருந்தும் இரண்டு இடங்களில் பிடி தளர்கிறது. "சில ஆண்டுகள்" என்ற இடத்திலுள்ள அரபுச் சொல்லுக்கு மூன்று முதல் ஒன்பது ஆண்டுகள் என்று பொருள் கொள்வார்கள். எந்தத் தோல்வியிலிருந்து எந்த வெற்றிவரை எண்ணுவது என்பதைப் பொறுத்தே கணக்கு சரியாகும். அதோடு, இரண்டு வல்லரசுகள் தலைமுறை தலைமுறையாக மாறி மாறி வென்ற போர் அது. தோற்றவர் மீள்வார் என்பது மனிதக் கணிப்புக்கு எட்டாத ஒன்றல்ல.

இந்தக் குறைகள் எதுவுமே இல்லாத ஒரு முன்னறிவிப்பு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது யாருக்குச் சாட்சி? ஏசாயா 45இல் கர்த்தர், பாபிலோனைப் பிடித்த பாரசீக அரசன் கோரேசைப் பெயர் சொல்லி அழைக்கிறார். 1879இல் பாபிலோனில் கண்டெடுக்கப்பட்ட களிமண் உருளையும் அதே கோரேசைப் பற்றிப் பேசுகிறது. அதில் அவனைப் பெயர் சொல்லி அழைப்பவர் பாபிலோனியரின் தெய்வமான மர்துக். கி.மு. 539இல் பாபிலோன் விழுந்தது ஒருமுறைதான்; அதற்கு உரிமை கொண்டாடிய தெய்வங்கள் இரண்டு. நடந்த நிகழ்ச்சியின்மேல் எந்தக் கையெழுத்தும் இல்லை.

இந்தச் சிக்கல் வேதத்துக்குத் தெரியாததல்ல. சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தரின் வார்த்தையல்ல என்கிறது உபாகமம் 18. ஆனால் 13ஆம் அதிகாரம், ஒருவன் சொன்ன அடையாளம் நடந்தே விட்டாலும், அவன் வேறு தேவர்களிடம் அழைத்தால் அவன் பின்னே போகாதே என்கிறது. அதாவது, பலித்தது என்பது மட்டும் அங்கேயே போதுமான சான்று அல்ல.

என் ஞாயிறு பள்ளி ஆசிரியர் 26ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிட்டார். இன்று பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர நேர்ந்தால் நான் 29ஐயும் சேர்த்தே வாசிப்பேன். கூலி கிடைக்கவில்லை என்ற அந்த வரியை எத்தனையோ தலைமுறை எழுத்தர்கள் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தார்கள். ஒருவரும் அதைச் சுரண்டி எடுக்கவில்லை.