சமூகவியல் முனைவர் பட்டம்: களப்பணியா, சர்வேயா?

காலம்: களப்பணி என்றால் ஆய்வு செய்யும் இடத்து மக்களோடு ஓராண்டாவது அங்கேயே பழக வேண்டும். சர்வே தரவு சில வாரங்களில் கைக்கு வரும். கேள்வித்தாளைச் செதுக்கத்தான் மாதங்கள் போகும்.

உழைப்பு: ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். 40 பேட்டி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சர்வேக்குப் புள்ளியியலும், ஆர் (R) அல்லது ஸ்டேட்டா (Stata) போன்ற புள்ளியியல் மென்பொருளும் தெரிய வேண்டும்.

மாதிரி: 400 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தால் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலையிலிருந்து முடிவு விலகக்கூடிய அளவு, சுமார் ±5 சதவீதம். அதைப் பாதியாக்க 1,600 பேர் தேவை. தெரிந்தவர்களுக்கெல்லாம் கூகுள் ஃபார்ம் அனுப்பிச் சேர்த்த 400-க்கு இந்தக் கணக்கே பொருந்தாது. வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

கோளாறு: "சம்பளமும் விடுமுறையும் போதுமா?" என்று சேர்த்துக் கேட்டுவிட்டால், 'ஆம்' எதற்கு என்றே தெரியாது. தரவு வந்தபின் திருத்தவும் வழியில்லை. களத்தில் கேள்வியை மறுநாளே மாற்றலாம். ஆனால் அங்கே ஆய்வு செய்ய அனுமதி தந்தவர் மனம் மாறினால் வேலை அப்படியே நின்றுவிடும்.

மக்கள்தொகையியல், சமூக அடுக்கமைவு (சமூகத்தின் மேல், கீழ் அடுக்குகள்) போன்ற 'யாருக்கு, எவ்வளவு' கேள்விகளுக்கு சர்வே. பண்பாடு, பணியிடம், நோய் அனுபவம் என்று 'எப்படி' கேட்பவர்களுக்குக் களப்பணி. சர்வே பிடிக்கும், பணம் இல்லை என்றால், பல நாட்டு மக்களின் விழுமியங்களைக் கேட்டறியும், 1981-இல் தொடங்கிய வேர்ல்ட் வேல்யூஸ் சர்வேயின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது.