ஜலஷ்வாவா, ஷார்துலா? உதிரிபாகத்தை வைத்து ஓர் ஒப்பீடு

2020 கோடையில், ஈரானில் சிக்கியிருந்த இந்தியர்களை ஏற்றிவர, படைகளைக் கரையிறக்கும் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இரண்டு வெவ்வேறு நாள்களில் பந்தர் அப்பாஸ் சென்றன. ஷார்துல் 233 பேரைப் போர்பந்தரில் இறக்கியது. ஜலஷ்வா ஏறத்தாழ 700 பேரைத் தூத்துக்குடியில் சேர்த்தது. பின்னவர்களில் குமரி மாவட்ட மீனவர்கள் பலர் என்பதால், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் ஜலஷ்வா என்றால் இன்றும் தனி மரியாதை. ஆனால் எது நல்ல கப்பல் என்ற கேள்விக்கு ஏற்றிவந்த ஆள்கணக்கு மட்டும் விடையாகாது.

ஜலஷ்வா, 1971 இல் அமெரிக்கக் கடற்படையில் 'டிரென்டன்' என்ற பெயரில் சேர்ந்து, 2007 இல் ஏறத்தாழ 4.8 கோடி டாலருக்கு இந்தியாவிடம் வந்தது. நீளம் சுமார் 173 மீட்டர், முழுச் சுமையில் எடை 16,000 டன்னுக்கு மேல். அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிப் பின்புறத்தைத் தாழ்த்தி, பெருங்கதவைத் திறந்தால், வயிற்றுக்குள் படகுத்தளத்தில் இருக்கும், வீரர்களைக் கரைசேர்க்கும் தரையிறங்கு படகுகள் மிதந்தே வெளியேறும். எனவே கப்பல் கரையை நெருங்க வேண்டியதில்லை. அதே 2007 இல் பணியில் சேர்ந்த ஷார்துல், கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தில் கட்டப்பட்டது. 125 மீட்டர் நீளமுள்ள அது, மணலில் மூக்கைப் பதித்து முன்கதவு வழியே 11 டாங்கிகளையும் 500 வீரர்களையும் இறக்கும். ஆகவே அதற்குச் சரிவான, ஆழங்குறைந்த கரை கட்டாயம்; கடல் கொந்தளித்தால் அந்த வசதியும் போய்விடும்.

கொள்ளளவில் ஜலஷ்வாவுக்குப் போட்டியே இல்லை. சிக்கல் இயந்திர அறையில் தொடங்குகிறது. அது கொதிகலனில் நீராவி எழுப்பி டர்பைனைச் சுழற்றும் பழைய முறைக் கப்பல். கொதிகலன் குழாய்கள், வால்வுகள், நீரூட்டும் பம்புகள் ஆகியவை ஓயாமல் தேயும். அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் குறைந்துவருகின்றன. அதன் உடன்பிறப்புக் கப்பல்களில் கடைசியான 'பான்ஸ்' 2017 இல் அமெரிக்காவில் ஓய்வுபெற்றுவிட்டது. ஒரு வகுப்பே ஓய்ந்த பிறகு புதுப்பாகம் செய்ய எந்த ஆலையும் வார்ப்பச்சை வைத்துக் காத்திருக்காது. ஓய்ந்த கப்பலிலிருந்து கழற்றுவதும், அளவெடுத்து உள்ளூரில் வார்ப்பதும் தவிர வழியில்லை. போதாக்குறைக்கு, படகுத்தளத்துக்குள் உப்புநீர் புகுந்து வெளியேறும் அமைப்பில் கதவுச் சட்டங்களும் நீரிறைக்கும் பம்புகளும் ஓயாமல் அரிப்புக்கு ஆளாகும்.

ஷார்துலின் டீசல் என்ஜின்களோ, பீல்ஸ்டிக் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் உரிமத்தில் கிர்லோஸ்கர் இங்கேயே தயாரிப்பவை. கேசரி, ஐராவத் என்ற தங்கைக் கப்பல்களும் உள்ளதால், ஒரே பாகத்தை மூன்றுக்கும் இருப்பு வைக்கலாம். விழிஞ்ஞத்திலும் குளச்சலிலும் படகுக்கு என்ஜின் வாங்குபவர், குதிரைத்திறனைக் கேட்கும் முன்பே பிஸ்டன் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பதைப் போன்ற கணக்குதான் இது. மணலில் ஏறி இறங்குவதால் அடித்தகடும் உந்துவிசிறியும் தேயும். எனினும் இவை இந்நாட்டுக் கட்டுதளங்கள் அறிந்த வேலைகள்.

ஆகவே என் தேர்வு ஷார்துல் வகைதான், ஒரு குறையை ஒப்புக்கொண்டு: கரையிலிருந்து தொலைவில் நின்று படகுகளை அனுப்பும் ஆற்றலை அந்த வகை ஒருபோதும் தராது. அந்த ஆற்றலுள்ள, ஜலஷ்வா போன்ற நான்கு புதிய படகுத்தளக் கப்பல்களுக்காக 2013 இல் கோரப்பட்ட டெண்டர் பிற்பாடு திரும்பப் பெறப்பட்டது. அது மீண்டும் வருமானால், வடிவம் எந்த நாட்டுடையதாயினும் சரி, என்ஜின், நீரிறைக்கும் பம்பு, பின்கதவின் ஹைட்ராலிக் உருளை ஆகிய மூன்றும் உள்நாட்டில் தயாராவதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.