மூன்று ஆண்டு ஏஐ துணையோடு வலைப்பதிவு: எதை வைத்துக்கொண்டேன், எதைக் கழற்றிவிட்டேன்

2023 தொடக்கத்தில் என் வரைவுப் பெட்டியில் 43 பதிவுகள் பாதியில் கிடந்தன. அதற்கு முந்தைய ஆண்டு முழுக்க வெளியிட்டது ஒன்பது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. இந்த 43-ஐயும் அதன் தலையில் கட்டிவிட்டால் ஒரே மாதத்தில் பெட்டி காலி என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பவில்லை, பெட்டி வேகமாகவே காலியானது. வெளியே வந்த பதிவுகளைத்தான் என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை.

நான்கு வரிக் குறிப்பைக் கொடுத்தால் 800 சொல்லில் பதிவு வந்துவிடும். முதல் வாரம் அது வித்தையாக இருந்தது. அடுத்த வாரமே எல்லாப் பதிவும் 'இன்றைய வேகமான உலகில்' என்று தொடங்குவதைக் கவனித்தேன். எதை எடுத்தாலும் அது 'முக்கியப் பங்கு வகித்தது'. எந்தப் பொருளும் வெறும் பொருளாக இல்லை, 'வெறும் பொருள் மட்டுமல்ல, ஓர் அனுபவம்'. 'செய்கிறார்கள்' என்றாலே போதும் என்ற இடத்தில் எல்லாம் 'செய்யப்படுகிறது'. ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் இறக்கிவைத்த வாக்கியங்கள். நீண்ட நாள் வாசகர் ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டார்: "பதிவு நல்லாத்தான் இருக்கு. நீங்க எழுதின மாதிரி இல்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" அன்று இரவே அப்படி வந்த பதிவுகளை எல்லாம் எடுத்துவிட்டேன்.

(2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளைத் திருத்தி, தேடலில் இடம் பிடிப்பதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களைத் தண்டிக்கும் என்று அறிவித்தது. எழுதியது மனிதனா எந்திரமா என்பதை அந்த விதி பார்ப்பதில்லை. நான் தூக்கியது அதற்கு முன்பே, அதற்குப் பயந்து அல்ல. பின்னூட்டத்துக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.)

பிறகு ஒரு மாதம் வேறு வேலை பார்த்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்து வைத்தேன். உட்கார்ந்து எழுதும் நேரம் நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. 'இதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேனே' என்று பழைய பதிவைத் தேடுவது, படத்தைச் சுருக்குவது, உரலி (பதிவின் இணைய முகவரி) வைப்பது, பிழை பார்ப்பது, செத்துப்போன இணைப்புகளை மாற்றுவது என்று மிச்சம் எல்லாம் கரைந்துகொண்டிருந்தது. அதைவிடப் பெரியது, தொடங்காமல் தள்ளிப்போட்ட நாள்கள். ஆக, கருவியை நான் வைத்த இடமே தப்பு. தடங்கல் எழுத்துக்கு முன்னும் பின்னும் இருந்தது. நான் எழுத்தையே பிடுங்கி எந்திரத்திடம் கொடுத்திருந்தேன்.

முதலில் 'முன்' பக்கம். நடக்கும்போது பேசிப் பதிவு செய்து, அதை எழுத்தாக்கிக்கொள்வது. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் திறந்த மூலமாக வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாடலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம், குரல் வேறெங்கும் போகாது. 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்றுவித்தது, அதில் பெரும்பங்கு ஆங்கிலம். இந்த வகை மாடல்களில் அளவு சிறியதை எடுத்தால் தமிழ் தாங்காது என்பது என் அனுபவம். பெரிய மாடல் மெதுவாக ஓடும், பரவாயில்லை, தூங்கப் போகும்போது ஓடவிட்டால் காலையில் தயார்.

தமிழில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. "நேத்து ராத்திரி பூரா அதையே நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்று பேசுகிறேன். கருவி பாதியை எழுத்துத் தமிழாக்கும், பாதியை அப்படியே விடும், எந்தப் பாதி என்பது அன்றைய அதன் மனநிலை. சரி, இதை எழுத்து நடைக்கு மாற்றிக் கொடு என்று இன்னொரு ஏஐயிடம் தந்தால், "கடந்த இரவு முழுவதும் அதுகுறித்த சிந்தனையில் ஆழ்ந்திருந்தேன்" என்கிறது. நான் எங்கும் ஆழவில்லை ஐயா, நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மாதக்கணக்கில் விதவிதமாக பிராம்ப்ட் (ஏஐக்கான கட்டளை) எழுதிப் பார்த்து, கடைசியில் அந்தப் படியையே தூக்கிவிட்டேன். இப்போது கொச்சையும் செந்தமிழும் கலந்த அந்தக் குப்பையை ஒரு பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நான் புதிதாக எழுதுகிறேன். பேசியதில் மூன்றில் ஒரு பங்குதான் பதிவுக்கு வரும். ஆனால் வெள்ளைத்திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் தொல்லை ஒழிந்தது. இந்த மூன்று ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதில் 'அறிவு' கொஞ்சம்தான், பெரும்பாலும் காது.

அந்தக் காதும் சில நேரம் கோளாறு செய்யும். ல, ள, ழ மூன்றையும் நான் ஒழுங்காகத்தான் உச்சரிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். "வேறு வழி இல்லை" என்றது "வேறு வலி இல்லை" என்று வந்து நின்றபோது அந்த நம்பிக்கை போனது. யோசிப்பதற்காக இருபது நொடி பேசாமல் நடந்தால், அந்த மௌனத்தையும் சில கருவிகள் சொற்களால் நிரப்பிவிடும். ஒருமுறை என் வரைவின் நடுவே 'சேனலை சப்ஸ்கிரைப் செய்யுங்கள்' என்று ஒரு வரி இருந்தது. எனக்குச் சேனலே இல்லை. ஒலிக்கோப்பில் மௌனப் பகுதிகளை முதலில் வெட்டிவிட்டுக் கொடுத்தால் இது பெருமளவு குறைகிறது.

எழுதி முடித்த வரைவை ஏஐயிடம் காட்டுகிறேன், ஆனால் ஒரே ஒரு நிபந்தனையோடு: "ஒரு வாக்கியமும் எழுதாதே. இதைப் படிக்கும் சந்தேகப் பேர்வழி கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளை மட்டும் கேள்." ஐந்தில் மூன்று மொக்கையாக இருக்கும். மீதி இரண்டில் ஒன்று குத்தும். "நீங்கள் சொன்ன அந்தப் பழைய முறை ஏன் தோற்றது என்று சொல்லவே இல்லையே" என்ற மாதிரி. அதற்குப் பதில் எழுதினால் பதிவுக்கு ஒரு பத்தி கூடும், சில நேரம் பதிவின் திசையே மாறும்.

ஆரம்பத்தில் நீளமான தமிழ் வரைவைக் கொடுத்தால் கடைசிப் பகுதியைப் படிக்காத மாதிரியே பதில் வரும். காரணம் பிறகு புரிந்தது. இந்த மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன, ஒரே தடவையில் இத்தனை டோக்கன்தான் என்று வரம்பும் உண்டு. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. பழைய நறுக்கிகள் தமிழைக் கண்டால் எழுத்தையே உடைத்துப் பொடியாக்கின. ஜிபிடி-4ஓ 2024 மே மாதம் வந்தபோது ஓப்பன்ஏஐயே காட்டிய உதாரணத்தில், ஒரு தமிழ் வாசகம் 116 டோக்கனிலிருந்து 35-க்கு இறங்கியிருந்தது. பழைய மாடலில் நம் பதிவு அத்தனை மடங்கு நீண்டிருக்கிறது என்று பொருள். இப்போது இந்தத் தொல்லை எனக்கு வருவதில்லை.

பிழை திருத்தத்துக்கு ஏஐ உதவும், கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் கெடுக்கும். 'அதை பார்த்தேன்' என்று நான் விட்ட ஒற்றைச் சரியாகப் பிடிக்கிறது. அதே வேகத்தில் 'படித்த பதிவு' என்ற சரியான தொடரைப் 'படித்தப் பதிவு' ஆக்கிவிடுகிறது. பெயரெச்சத்துக்குப் பின் வலி மிகாது என்று விளக்கினால் உடனே மன்னிப்புக் கேட்கும், அடுத்த பத்தியில் மறுபடி மிகும். அதனால் திருத்திய பிரதியை வாங்குவதே இல்லை. சந்தேகமான இடங்களின் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு, திருத்துவது என் கை.

எனக்குச் சூடு போட்டது வேறொன்று, பதிவுச் சுருக்கம். முகப்பில் இரண்டு வரி வர வேண்டும், அதைத் தானாகவே உண்டாக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் (குட்டி நிரல்) வைத்திருந்தேன். ஒரு பதிவில் நான் ஆண்டு எதையும் குறிப்பிடாத இடத்தில் சுருக்கம் ஓர் ஆண்டைச் சேர்த்திருந்தது. தப்பான ஆண்டு. நான் என் முகப்பைப் பார்ப்பதே இல்லை என்பதால் இரண்டு வாரம் அப்படியே தொங்கியது. ஒரு வாசகர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து நான் பார்க்காமல் எந்திரம் எழுதிய ஒரு சொல்கூட வெளியே போவதில்லை. சுருக்கத்தை நானே எழுதுகிறேன். இரண்டு வரிதானே!

'பின்' பக்க வேலைகளில் செயற்கை நுண்ணறிவு ஏறக்குறைய தேவையே இல்லை. சாதாரண ஸ்கிரிப்டுகள் போதும், அவற்றை எழுதித்தர ஏஐ நல்ல ஆள். பதிவுகளை மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாக வைத்திருப்பதால் எல்லாமே எளிது. புதுப் பதிவோடு தொடர்புள்ள பழைய பதிவுகளைத் தேடித் தரும் ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. அது சில பதிவுகளை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு வார இறுதி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது: பழைய பதிவுகள் சிலவற்றில் 'கொ' என்பதன் குறி ஒரே குறியீடாக இல்லாமல், கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக இருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இப்படி இரு விதமாக அடித்ததை ஒரே வடிவமாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் என்ற ஒரே வரியில் அது சரியானது. ஆனால் 'கௌரவம்' என்பதை ள போட்டுக் 'கெளரவம்' என்று அடித்து வைத்திருந்தவை அந்த வரிக்கும் சிக்கவில்லை, ஏனென்றால் அங்கே இருப்பது உண்மையிலேயே வேறு எழுத்து. அவற்றைத் தேடித் தேடி மாற்றினேன். தமிழில் பழைய பதிவுக் கிடங்கு வைத்திருப்பவர்கள் வேறு எந்த ஏஐ விளையாட்டுக்கும் முன் இதை ஒருமுறை செய்துவிடுங்கள்.

உரலியும் அப்படித்தான். தமிழிலேயே வைத்தால் அழகு, ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். 'அம்மா' என்ற சின்னச் சொல்லே 45 எழுத்து. இப்போது தலைப்பைப் பார்த்து மூன்று நான்கு சொல்லில் ரோமன் உரலி பரிந்துரைக்கும் வேலையை ஏஐயிடம் கொடுத்திருக்கிறேன். அதிலும் 'ழ'வுக்கு ஒருநாள் ஒன்று, மறுநாள் வேறொன்று வரும். தேர்வு நானே செய்வதால் கவலையில்லை.

செத்த இணைப்புகளை மாதம் ஒருமுறை சோதிக்கும் தானியக்க வேலையும் இருக்கிறது. ஓர் ஆண்டு நான் ஏறக்குறைய மூன்று மாதம் எதுவுமே எழுதவில்லை. திரும்பி வந்தால் அந்தச் சோதனையும் நின்றுபோயிருந்தது. பதிவுக் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் நேர அட்டவணைப் பணிகளை நிறுத்திவிடுவது நான் பயன்படுத்தும் சேவையின் விதி. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, படிக்காதது என் குற்றம். நான் எழுதாவிட்டால் எந்திரமும் ஓய்வெடுக்கும் என்பதில் ஒரு நியாயம் இருப்பதாக அன்று எனக்குப் பட்டது.

சமூக ஊடகங்களில் தானாகப் பகிர்வது, அதற்குத் தானாக வாசகம் எழுதுவது, பின்னூட்டங்களுக்குப் பதில் தயாரிப்பது எல்லாம் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். கடைசியாகச் சொன்னதை வைத்திருந்தது இரண்டே நாள், அதுவே அதிகம். வாசகர் அனுப்பும் மடல்களை எந்த ஏஐ பெட்டியிலும் ஒட்டுவதில்லை.

சென்ற ஆண்டு வெளியிட்டது 26 பதிவுகள். வரைவுப் பெட்டியில் இப்போதும் 31 கிடக்கின்றன.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலை, பழைய படங்களுக்கு மாற்று உரை, அதாவது பார்க்க முடியாதவர்களுக்குப் படத்தைச் சொல்லும் வரி, எழுதுவது. திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானில் என் பதிவுகளைக் கேட்கும் ஒருவர் சொன்ன பிறகுதான் முந்நூறு படங்களுக்கு மேல் ஊமையாகக் கிடப்பது உறைத்தது. ஏஐயிடம் கொடுத்தேன். விறுவிறுவென்று முடித்துவிட்டது. ஒரு படத்துக்கு 'மரத்தடியில் நின்று புன்னகைக்கும் முதியவர்' என்று எழுதியிருந்தது. தப்பில்லை. ஆனால் அவர் எனக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர், அந்தப் பதிவே அவரைப் பற்றியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் படத்திலிருந்து நானே எழுதிக்கொண்டு வருகிறேன். இன்று காலை வரை 40.