எங்களுக்கு வந்ததெல்லாம் காலண்டர்தான்

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள். பெயர் 'நிதி' என்று முடியும் ஒரு நிறுவனத்தின் (உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்கி அவர்களுக்கே கடன் கொடுக்கும் வகை) கிளையில் அம்மா பெயரில் 3 லட்சம் போட்டேன். அப்பா ரிட்டயர் ஆனபோது வந்ததில் மிஞ்சிய பணம். வட்டி 14 சதவீதம். பதினெட்டு மாதம் தேதி தவறவில்லை. பிறகு "சர்வர் மாத்துறோம் சார்", பிறகு "ஆடி போகட்டும்", பிறகு ஷட்டர்.

சேர்த்துவிட்டது எங்கள் தெரு அக்கா ஒருவர். திட்ட மனசு வரவில்லை, அவர் பணமும் உள்ளேதான். ஆனால் ஆள் பிடிக்க அவருக்குக் கமிஷன் கொடுத்ததே தப்பாம். இந்த வகை நிறுவனங்களுக்கான 2014 நிதி விதிகளில் டெபாசிட்டுக்குக் கமிஷனும் கூடாது, விளம்பரமும் கூடாது. வட்டி 12.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 14 என்று சொன்னபோதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

நான் நம்பியது சேர்மனை. பாடலீஸ்வரர் தேருக்கு நீர்மோர்ப் பந்தல் அவர் உபயம். அம்மா கிளைக்குப் போனால் "உக்காருங்கம்மா" என்று அவரே நாற்காலியை இழுத்துப் போடுவார். அப்படிப்பட்டவரிடம் கணக்கு கேட்க யாருக்கு வாய் வரும்? மோர் யார் காசு என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

டெபாசிட் அன்றே 100 ரூபாய்க்குப் பங்குப் பத்திரமும் தந்தார்கள். சம்பிரதாயம் என்று பீரோவில் வைத்துவிட்டேன். உறுப்பினரிடம் மட்டுமே நிதி டெபாசிட் வாங்கலாம் என்பதால் தருவது அது. அந்தத் தாளின்படி அம்மா அங்கே பங்குதாரர்! வருடாந்திரப் பொதுக்கூட்டத்துக்குப் போகலாம், வரவு செலவுக் கணக்கைப் பார்க்கலாம்; இவ்வளவு சிறிய பங்குக்கு அழைப்பு வீடு தேடி வராவிட்டாலும் பேப்பரிலும் அவர்கள் அறிவிப்புப் பலகையிலும் வரவேண்டும். எங்களுக்கு வந்தது காலண்டர். மொத்த டெபாசிட்டில் குறைந்தது 10 சதவீதம் வங்கியிலோ தபால் நிலையத்திலோ வைப்பாக இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்த ரசீதைக் காட்டுங்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

மேனேஜர் "அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்குங்க" என்றதும் பொய். அது வங்கி டெபாசிட்டுக்கு உள்ளது, நிதிக்குக் கிடையாது.

பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். டான்பிட் என்கிற தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சொத்தை முடக்கி ஏலம் விட வழி இருக்கிறது, ஆனால் வருடக்கணக்காகும் என்கிறார்கள்.

அந்தக் கிளை ஆட்கள் இப்போது வீடு வீடாக வந்து "புதுப்பிச்சுத் தர்றோம்" என்று ஒரிஜினல் ரசீதைக் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். பக்கத்துத் தெரு தாத்தா கொடுத்துவிட்டார். புகார் மனுவோடு இணைக்க அவரிடம் ஒரு ஜெராக்ஸ்கூட இல்லை.